சோத்தாங்கை

நேற்றுக் காலை நம் வாட்ஸப் குழுவில் சாரின் படத்தைப் போட்டீர்கள். சக்கர நாற்காலியில் வேட்டி சட்டை, நெற்றியில் சந்தனம், மடியில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. தொண்ணூறு நெருங்குகிறதாம். படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "நம்ம சார் ஒரு பிள்ளையக்கூடக் கை நீட்டி அடிச்சதில்ல. அந்தக் காலத்துல இப்படி ஒரு வாத்தியாரா!" அதற்குக் கீழே கும்பிடு பொம்மைகள் இருபத்தைந்து. அடுத்த மாதம் எல்லாரும் கூடி அவருக்குப் பாத பூஜை செய்யப்போகிறோமாம். தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், பன்னீர், ரோஜா. வரிசையில் முதலில் கிளாஸ் லீடர் நிற்க வேண்டுமாம். கிளாஸ் லீடர் என்றால் நான்.

எழுதினது பொய்யில்லை. அவர் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. அடித்தது நாம். அதுகூடவா மறந்துபோச்சு?

எனக்கு மறக்கவில்லை. மறந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். என் மருமகள் நான் ஸ்பூனால் சோறு சாப்பிடுவதைப் பார்த்து, "அத்தைக்கு எஸ்டேட் துரைசாணின்னு நெனப்பு" என்று கேலி செய்வாள். செய்யட்டும். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் அங்கே இருந்தவர்கள்தானே.

அது எமர்ஜென்சி வருஷம். பஸ் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஆட்கள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டு திரிந்த சமயம். நாம் நாலாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மழை. மலையில் மழை என்றால் தெரியும்தானே, விட்டு விட்டுப் பெய்யாது, தொங்கிக்கொண்டே இருக்கும். தகரக் கூரை காதை அடைக்கும். முப்பத்தியொரு பிள்ளைகள், நனைந்த கம்பளி நாற்றம், பேனுக்குத் தடவிய மண்ணெண்ணெய் நாற்றம், விறகுப் புகை ஏறிய சட்டை. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கும். எல்லாருக்கும் மூக்கு ஒழுகும். ஒருத்தருக்கும் கைக்குட்டை கிடையாது.

சாருக்கு மட்டும் உண்டு. நாள்தோறும் ஒரு புது வெள்ளைக் கைக்குட்டை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் போகிற வழியில், நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பத்திலிருந்து கேரள சர்க்கார் வேலைக்காக நம் தேயிலை மலைக்கு வந்தவர். எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் இருந்த நம் லயத்து ஜனங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள், வாயைத் திறந்தால் ஏட்டி, ஏலே. சாரோ நமக்கெல்லாம் 'ங்க' போட்டுப் பேசுவார். "ஏனுங் கண்ணு, வூட்டுக்கணக்குப் போட்டீங்களா?" என்பார். அந்த மரியாதையிலேயே லயம் முழுக்க மயங்கிக் கிடந்தது. என் அம்மா சொல்வாள்: "எவ்வளவு தங்கமான மனுசன். கம்பு எடுக்க மாட்டாராம்லா."

கம்பு எதற்கு? அவருக்கு முப்பத்தியொரு ஜோடிக் கை இருந்தது.

வழக்கம் என்னவென்று நினைவிருக்கிறதா? சார் ஒரு கேள்வி கேட்பார். வரிசையாக ஒவ்வொருவராய் எழுந்து சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சரியாகச் சொல்லும் பிள்ளை முன்னால் வந்து, நிற்கிற அத்தனை பேரின் மூக்கையும் இடது கையால் பிடித்து, வலது கையால் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும். மூக்கைப் பிடிப்பது தலை ஆடாமல் இருக்க. மழைக்காலத்து மூக்குகள்! விரலிடுக்கில் வழவழவென்று ஒட்டும். அடுத்தவன் மூக்குக்குப் போவதற்குள் பாவாடையில் துடைத்துக்கொள்வேன். மத்தியானத்துக்குள் பாவாடையின் ஒரு பக்கம் காய்ந்து விறைத்து நிற்கும். அம்மா துவைக்கும்போது, "இது என்னட்டி கஞ்சி போட்டமாதிரி?" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். பாவாடை எவ்வளவு விறைக்கிறதோ அவ்வளவு பேரை அடித்திருக்கிறேன் என்று கணக்கு. சீ.

மெதுவாக அடித்தால் சார் கோபிக்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்தபடி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொள்வார். "சத்தம் கேக்கலீங்களே கண்ணு. இன்னொருக்கா." அதுவும் கேட்கவில்லை என்றால், அடி வாங்குகிற பிள்ளையிடம், "நீங்க வேணா அவங்களுக்கு ஒண்ணு சொல்லிக் குடுங்க, எப்படி அடிக்கோணும்னு" என்பார். அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு வாரத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டோம். தகரக் கூரை மழையை மீறிக் கேட்கிற மாதிரி அடிக்க நமக்கு வந்துவிட்டது.

நான் தேறிய கை. முக்கால்வாசி நாள் நான்தான் முன்னால் நிற்பேன், தப்பாகச் சொல்லி நின்றதே இல்லை. என் அப்பா கங்காணி. கொழுந்து எடுக்கிற பெண்களை மலையில் மேய்ப்பவர். மகளும் இங்கே முப்பது பேரை மேய்க்கிறாள் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பாராம்.

இனி நம் வகுப்பில் இருந்த அவளைப் பற்றி. கடைசி பெஞ்சு, சுவர் ஓரம். அவள் அம்மா என் அப்பாவின் ஆள்களில் ஒருத்தி. அவளுக்கு இடது காதில் சீழ். எப்போதும் பஞ்சு அடைத்திருப்பாள், மத்தியானத்துக்குள் பஞ்சு மஞ்சளாகிவிடும். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் நுரைக்கிற மருந்தை ஊற்றுவார், அவள் அம்மா பூண்டு எண்ணெய் ஊற்றுவாள். மருந்தும் எண்ணெயும் சீழும் சேர்ந்து ஒரு வீச்சம். பக்கத்தில் உட்கார ஆள் வராது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். பதில் சொல்ல மாட்டாள். தப்பாகக்கூடச் சொல்ல மாட்டாள். நிற்பாள், அறை வாங்குவாள், உட்காருவாள். மக்கு என்று நாம் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம்.

எதிரே நின்று வலது கையால் அடித்தால் எதிராளிக்கு இடது கன்னம். அந்தக் காது. ஒரு நாள் அவள் மூக்கைப் பிடித்தபோது, வாய் மட்டும் அசைகிற மாதிரி கேட்டாள்:

"அந்தப் பக்கம் அடிக்கியாட்டி? இது ரொம்ப வலிக்கி."

எனக்கும் அந்தக் காதின் பக்கம் கையைக் கொண்டுபோக அருவருப்பு. கையை மாற்றினேன். வலது கையால் மூக்கு, இடது கையால் அறை. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் சுளித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அய்யய்யோ, என்னுங் கண்ணு இது? மூக்கப் பிடிக்கத்தானுங்க பீச்சாங்கை, அதுலயா ஒருத்தர் கன்னத்தத் தொடுவாங்க? மரியாதை வேண்டாமா? சோத்தாங்கையில அடிங்க."

வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மலம் கழுவுகிற கையால் ஒருத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டேனே என்று வெட்கம். அடித்ததற்கு இல்லை. கையை மாற்றி, சோற்றுக் கையால், மரியாதையாக, அந்தக் காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று விட்டேன். பஞ்சு தெறித்து விழுந்தது. அன்றைக்கு மதியம் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மஞ்சள் சோள ரவையில் கிண்டிய உப்புமாவை வாழையிலையில் வைத்தார்கள். மழைத் தண்ணீரில் கையை நீட்டி நனைத்தேன், சாப்பிட்டேன். உள்ளங்கையில் அந்த வீச்சம் இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் சிலேட்டை எட்டிப் பார்த்தேன். வகுத்தல் கணக்கு. நான் போட்ட அதே விடை அதிலும் இருந்தது. சார் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் எச்சில் துப்பி உள்ளங்கையால் சரசரவென்று அழித்துவிட்டு வெறும் சிலேட்டோடு எழுந்து நின்றாள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "சார், இவ என்னயப் பாத்து எழுதுனா, நீங்க வந்ததும் அழிச்சிட்டா" என்றேன். எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்று பெஞ்சு. எப்படிப் பார்த்து எழுதியிருப்பாள் என்று நானும் யோசிக்கவில்லை, சாரும் யோசிக்கவில்லை. அன்று அவளுக்கு இரண்டு அறை, இரண்டும் என் கையால்.

ஆகஸ்டில் பள்ளியைப் பார்வையிட உபஜில்லா கல்வி ஆபீசர் ஜீப்பில் வந்தார். முந்தின நாளே பெஞ்சுகளைத் துடைத்து, சுவரில் பிரதமர் படத்தை நேராக்கி, மூக்குகளைச் சிந்தவைத்துத் தயாராக இருந்தோம். ஆபீசர் மலையாளி, தமிழ் கொஞ்சம் பேசுவார். வருகிற வழியில் பெண்கள் கொழுந்து எடை போடுவதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்தே கேள்வி கேட்டார்.

"ஒரு சாக்கில் பதினெட்டு கிலோ கொழுந்து. சாக்குக்கும் நனைவுக்குமாயிட்டு ஒவ்வொண்ணிலும் ரெண்டு கிலோ குறைக்கும். அப்போ அஞ்சு சாக்குக்கு எத்தனை கிலோ?"

கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். முந்திக்கொள்கிற அவசரத்தில் கழிப்பதை விட்டுவிட்டேன். "தொண்ணூறு!"

ஆபீசர் அடுத்த பிள்ளையைப் பார்த்தார். அடுத்தவன் சிலேட்டில் எண்பது என்று போட்டிருந்தான். என் கண்ணால் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தான், கட்டைவிரலால் அழித்தான், "தொண்ணூறு" என்றான். நம் குழுவின் அட்மின் அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அதற்கடுத்தவள் தொண்ணூறு. அதற்கடுத்தவன் தொண்ணூறு. லீடர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முப்பது பேர் எழுந்து எழுந்து தொண்ணூறு தொண்ணூறு என்றோம். லயத்துப் பிள்ளைகள்! சாயங்காலமானால் ஈரத்துக்கு எவ்வளவு போச்சு, சாக்குக்கு எவ்வளவு போச்சு என்று ஆத்தாமார் புலம்புவதைக் கேட்டே வளர்ந்தவர்கள். அந்தக் கழிவைச் சொல்லிக் கழிப்பவர் என் அப்பா. ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. அல்லது வந்தும் வாயில் வரவில்லை.

கடைசியாக அவள். ஆபீசர் அவள் முகத்தைப் பார்த்து, "மோள் பறயூ" என்றார், நீ சொல்லு மகளே என்று. எழுந்தாள்.

"எம்பது சார்."

பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லிக் கேட்ட முதல் பதில் அதுதான். ஆபீசர் தலையாட்டினார். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இவள் வழியாக மானம் தப்பித்ததே என்று சந்தோஷம். ஆபீசர் பக்கம் திரும்பி விளக்கினார்: "நம்ம கிளாஸ்ல நான் கை வெக்கிறதே இல்லீங்க சார். தெரிஞ்ச கொழந்தை தெரியாத கொழந்தைகளத் திருத்தும். நீங்களே பாருங்க." பிறகு அவளிடம், "வாங்க கண்ணு. இன்னைக்கு உங்க நாள். லீடர்ட்ட இருந்து ஆரம்பிங்க" என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். என்னை யாரும் அதுவரை அடித்ததில்லை. என் மூக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் வாங்கியதையெல்லாம் சேர்த்துத் திருப்பித் தரப்போகிறாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"மாட்டேன் சார்" என்றாள்.

"என்னுங் கண்ணு?"

"அடிக்க மாட்டேன் சார்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சார் சிரிப்பு மாறாமல் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செரி. பெரியவங்க சொன்னாக் கேக்கோணும்னு நீங்க எல்லாரும் இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு. லீடர், வாங்க."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன். எனக்கும் வாய் இருந்தது. சார் அடிக்கப்போவதில்லை, அவர் ஒருவரையும் அடிப்பதில்லை. மிஞ்சிப் போனால் இரண்டு பேராக நின்று அறை வாங்கியிருப்போம். இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு நான் அவள் மூக்கைப் பிடித்தேன். சோத்தாங்கையால் அடித்தேன். சத்தம் கேட்டது. சார் தலையாட்டினார்.

பின்னாலேயே வரிசை வந்தது. ஒருவன் நிற்கும்போதே டவுசரிலேயே மூத்திரம் போய்விட்டான், கால் வழியாக வடிந்தது. வடிய வடிய அடித்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தான். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஏழெட்டுப் பேர் ஆனதும் ஆபீசர், "மதி, மதி மாஷே" என்றார். ஜீப் காத்திருந்தது. போதும் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஆனால் சார் போதும் என்று சொல்லவில்லையே! வரிசை நிற்கவில்லை. ஆபீசர் மேஜையில் குனிந்து பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார். அவர் போன பிறகு சார் பெருமையாக வாசித்துக் காட்டினார்: நல்ல அச்சடக்கம். ஒழுங்கு என்று அர்த்தம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அவர் வாசித்தபோது அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கழுத்து வழியாகச் சீழும் ரத்தமும் கலந்து சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மதியம் குழாயடியில் காதைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். பாவம் என்று போகவில்லை, எரிச்சலில் போனேன்.

"ஏட்டி, ஒரு அடி அடிச்சிட்டு உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும்லா? உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"எனக்குப் பிடிக்காதுட்டி. மூக்கப் பிடிச்சி, சீ..."

"பெறகு எதுக்கு எம்பதுன்னு சொன்னே? எப்பவும்போல சும்மா நிக்க வேண்டியதானே?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "எங்க அம்மைக்குத் தெனமும் கழிக்காகல்லா. எல்லாரும் தொண்ணூறுன்னா அது பொய்யில்லா?"

"மத்த நாளெல்லாம்?"

"மத்ததும் தெரியும். சொன்னா அடிக்கச் சொல்லுவாக. அதான் சொல்லமாட்டேன்."

இதைச் சாதாரணமாகச் சொன்னாள், மதியம் என்ன கறி என்று கேட்டால் சொல்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் நான் யார்? இத்தனை நாள் நான் முதலாவதாக நின்றது இவள் ஒதுங்கிக்கொண்டதாலா? எனக்கு இவள் பிச்சை போட்டாளா? நேரே வகுப்புக்குள் ஓடினேன். சார் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், அவளுக்கு எல்லாம் தெரியுமாம். அடிக்கச் சொல்லுவீங்கன்னுதான் வேணும்னே சொல்லாம நிக்காளாம்."

என் ஆயுசில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால் அறைகளைச் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன். அறை, சார் சொல்லிச் செய்தது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்படீங்களா?" என்றார். மறுநாள் காலையில் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "முப்பது பேர்த்தையும் ஒரு சுத்து அடிச்சிட்டு உள்ளே வாங்க கண்ணு. அதுவரைக்கும் வெளியில நில்லுங்க. உங்க இஷ்டந்தான்."

வராந்தாவில் சாரல் அடிக்கும். அவள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றாள். நாள்தோறும் காலையில் சார் கேட்பார், "இன்னைக்கு அடிக்கறீங்களா?" அவள் தலையாட்டி மறுப்பாள். நாம் என்ன செய்தோம் தெரியுமா? அவளிடம் போய்க் கெஞ்சினோம். "அடிச்சிரு புள்ள. சும்மா தொட்டுட்டுப் போ. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்." நமக்கு அவள்மேல் இரக்கம் என்று எண்ணிக்கொண்டோம். அவள் அங்கே நிற்பது நமக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்த வீச்சம். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனோம்.

நாலாம் நாள் சாயங்காலம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முறத்தில் மரவள்ளிக்கிழங்கு. மகளின் காதைப் பற்றி முறையிடத்தான் வந்திருக்கிறாள் என்று நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன்.

"எம்மக திமிரு பண்ணிட்டாளாம்யா. புத்தி கெட்ட கழுத. நீங்க சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லி உள்ள சேக்கச் சொல்லுங்கய்யா. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிக்கச் சொல்லுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அப்பா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "அந்த மனுசன் ஒரு பிள்ளையத் தொட்டிருக்காரா? அவருகிட்டப் போயி எதுத்துப் பேசுனா? பிள்ளைய அடக்கி வை முதல்ல. சொல்லுத எடத்துல சொல்லுதேன்." கிழங்கை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். அம்மா அவித்து, தேங்காய் போட்டுத் தாளித்தாள். மாவாகக் கரைந்தது. எல்லாரும் சாப்பிட்டோம், நானும்.

மறுநாள் காலை அப்பாவே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் அம்மா மலைக்குப் போகிற கோலத்தில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். "அடிட்டி, சனியனே" என்று மகளின் முதுகில் இரண்டு வைத்தாள். அவள் அசையவில்லை. அப்போது அந்த அம்மா மகளின் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாள். தூக்கி, அந்தக் கையால் என் கன்னத்தில் அடித்தாள்.

வலிக்கவில்லை. அந்தக் கை செத்த கைபோல் தொளதொளவென்று வந்து பட்டது. விரலெல்லாம் மழைக் குளிரில் சில்லிட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுத்த பிள்ளைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த கன்னம். அடுத்த கன்னம். அம்மா அழுதுகொண்டே அந்தக் கையை வீசினாள். சார் நாற்காலியில் இருந்தபடி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"சத்தம் வரலீங்களே. அதுவுமில்லாம, இது நீங்க அடிச்சதுங்க அம்மா. கொழந்தை அடிக்கோணும்."

வாசலில் நின்ற என் அப்பா, "சார் சொல்லுதது ஞாயம்தானே" என்றார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். பெஞ்சுக்குப் போய்த் தன் சிலேட்டை எடுத்தாள். ஓரம் உடைந்த சிலேட்டு, உடைந்த இடத்தில் துணி சுற்றியிருக்கும். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி மழையில் இறங்கிப் போனாள். அவள் அம்மா என் அப்பாவையும் சாரையும் மாறி மாறிக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். அந்த வருஷமே அவளைக் கீழே போடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளை தூக்க அனுப்பிவிட்டார்கள். நாலாம் வகுப்பு முடிக்கவில்லை. நாம் முடித்தோம், முப்பது பேரும் பாஸ்.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். போடிமெட்டு இறங்குகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கை. முகம் மாறவில்லை. அவள் என்னை அடையாளம் காணவில்லை. வாய்க்குள் ஒத்திகை பார்த்து, கடைசியில், "நீங்க மேல எஸ்டேட்ல படிச்சவுகளா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நான் பேசுகிறேன் என்று வாயசைவிலிருந்து தெரிந்துகொண்டு சிரித்தாள்.

"அந்தக் காது சுத்தமாக் கேக்காதும்மா. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

அவள் வலது பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. "ஒண்ணுமில்ல" என்று கையசைத்துவிட்டு, போடி வரைக்கும் அந்தச் செவிட்டுக் காதின் பக்கமே உட்கார்ந்து வந்தேன்.

இதைத்தான் நேற்றுச் சுருக்கமாகக் குழுவில் கேட்டேன்: அவளை நினைவிருக்கிறதா, யாரிடமாவது நம்பர் இருக்கிறதா? ஒருவர் எழுதினார், "காதுல சீழ் ஒழுகுமே, அந்த மக்கா?" கீழே சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்தன. முதல் ஆள் சிரித்தால் போதும், நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

நான் எழுதினேன்: "அவளுக்கு எல்லாம் தெரியும்."

ஐம்பது வருஷத்துக்கு முன் இதே வார்த்தையைச் சொல்ல எங்கே ஓடினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. பார்த்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போய், கடைசியில் நீல டிக் விழுந்தது. இருபத்தைந்து பேரும் பார்த்தீர்கள். ஒரு பொம்மைகூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அட்மின் தனியாக எழுதினார்: "பழசெல்லாம் இப்ப எதுக்கு? வயசான மனுசன், மனசு கஷ்டப்படும். நீங்க வந்து முதல் பூவப் போட்டாப் போதும். மத்தவங்க பின்னாலயே போட்டுருவாங்க."

போடுவீர்கள். எனக்குத் தெரியாதா?

"மாட்டேன்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அனுப்பாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். கேட்கிறவர் சார்கூட இல்லை, எண்பது என்று எழுதி அழித்த பையன். அவனுக்கே எனக்கு இத்தனை பயம். அனுப்பினேன்.

மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். கையைக் கழுவினேன், சோப்புப் போட்டு இரண்டு தரம். நான் உட்கார்ந்ததும் வழக்கம்போல மருமகள் ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தாள். சோத்தாங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்பூனையே எடுத்தேன்.